நிறுத்திய பிறகு வந்த பயம்

(வடக்கில் கட்டட வேலையிலும் கடைகளிலும் இருக்கிற நம் தோட்டத்துப் பிள்ளைகளும், அவர்களைப் பார்க்க மலையகத்திலிருந்து வந்த குடும்பத்தாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொக்குவிலில் ஒன்றுகூடினார்கள். அங்கே ஒரு தோழர் பேசியதை இங்கே தருகிறோம். தன் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.)



குடி கெட்டது என்று சொல்ல நான் வரவில்லை. அது இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். குடிக்கிறவனுக்கு மற்றவர்களை விட நன்றாகவே தெரியும். தோட்டத்து ஆஸ்பத்திரிச் சுவரில் ஈரல் படம் ஒட்டியிருக்கும். நான் அந்தப் படத்துக்குக் கீழே வாங்கில் உட்கார்ந்துகொண்டே, சாயங்காலம் எவனிடம் கடன் கேட்கலாம் என்று கணக்குப் போட்டவன். அதனால் குடியை நிறுத்தினதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். அதைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

நிறுத்துவது நமக்குப் புதுசு இல்லை. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் நிறுத்துவோம். ஐயப்பனுக்கு மாலை போட்டால் நாற்பத்தொரு நாள் வாயில் படாது. மாலையைக் கழற்றின அன்றைக்குச் சாயங்காலம் நாற்பத்தொரு நாள் கணக்கையும் சேர்த்துத் தீர்ப்போம். நானே அப்படி மூன்று தடவை நிறுத்தியிருக்கிறேன். மாலை கழுத்தில் இருக்கிற வரைக்கும் ஊர் நம்மைச் சாமி என்று கூப்பிடும். அந்த மரியாதை ஒரு பிடிமானம். மாலை போன பிறகு பழைய ஆள்தானே மிச்சம்? அந்தப் பழைய ஆளைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். லயத்தில் பத்தடிக் காம்பரா, அதற்குள் ஏழு பேர். எங்கப்பா மருந்தடிக்கிற வேலை. மழை நாளில் நனைந்து வந்தால் குளிருக்கு என்று ஒரு மடக்கு போடுவார். எனக்குப் பதினாலு வயசில் அவரே ஒரு மூடி ஊற்றிக் கொடுத்தார். பாசத்தில்தான் கொடுத்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பதினெட்டில் பேர் பதிந்தேன். சம்பள நாளில் குடித்தேன், பிறகு சனிக்கிழமையும் குடித்தேன், பிறகு கிழமை பார்க்காமல் குடித்தேன். சாராயத்துக்குக் காசு பத்தாதபோது கசிப்பு. பிரட்டுக்குப் போவதற்கு முன்னால் ஒரு கால் போட்டால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலைக்கு வந்தேன். கவ்வாத்துக் கத்தியைப் பிடிக்க முடியாத கை, கிளாஸை மட்டும் சிந்தாமல் பிடித்தது.

இந்தக் கதை உங்களுக்கெல்லாம் தெரிந்த கதை. பேர்தான் மாறும். அதனால் அதை நீட்டாமல், ஒரே ஒரு நாளை மட்டும் சொல்கிறேன். அது பிறகு தேவைப்படும்.

என் மகளுக்குக் காது குத்தினபோது அவள் மாமன் அரைப் பவுனில் ஒரு சோடித் தோடு போட்டார். 2008ஆம் வருஷம் அவளுக்கு ஏழு வயசு. குளிக்க வார்க்கும்போது கழற்றி ஒரு டப்பாவில் வைத்திருந்தார்கள். நான் அதை எடுத்துக்கொண்டு போய் டவுனில் அடகு வைத்துவிட்டேன். சாயங்காலம் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு என் சம்சாரம் இஸ்தோப்பில் உட்கார்ந்து அழுதாள். பக்கத்துக் காம்பராக்காரர்கள் கூடிவிட்டார்கள். யார் வந்தது, யார் போனது என்று கேட்டார்கள். அன்றைக்குக் காலையில் மேல் லயத்துப் பையன் ஒருவன் கத்தி கேட்டு வந்திருந்தான். பதினைந்து வயசு. நான் சொன்னது ஒரே வாக்கியம்: "காலையில அவன்தான் வந்துட்டுப் போனான்."

அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மற்றதை ஊர் பார்த்துக்கொண்டது. அவன் அப்பா அவனைக் கோயிலுக்கு முன்னால் இழுத்துக்கொண்டு வந்து பெல்டால் அடித்தார். "நான் எடுக்கலப்பா, நான் எடுக்கலப்பா" என்று அவன் கத்தினது எங்கள் இஸ்தோப்பு வரைக்கும் கேட்டது. நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவன் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. மூன்று கிழமையில் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அதை மறக்கத்தான் குடித்தேன் என்று சொன்னால் அது பொய். அதற்கு முன்னாலும் குடித்தேன். ஆனால் அதற்குப் பிறகு குடிக்காமல் படுத்த ராத்திரிகளில் அந்தச் சத்தம் வரும். குடித்தால் வராது.

2012இல் என் மச்சான் என்னை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். சண்டை முடிந்து எல்லா இடத்திலும் வீடு கட்டிக்கொண்டிருந்த நேரம். மேசன் வேலைக்குக் கையாள் தேவைப்பட்டது. கொக்குவிலில் ஒரு வளவுக்குள் தகரம் போட்ட அறை, நாங்கள் நான்கு பேர். சாராயம் கிடைக்காத இடமாகத் தேடிக் கொண்டுவந்து விடுவதாக மச்சானுக்கு நினைப்பு. வந்து இரண்டாம் நாளே கள்ளுத் தவறணைக்கு வழி எனக்குத் தெரிந்துவிட்டது.

2014இல், யாழ்ப்பாணத்துக்கு ரயில் மறுபடி ஓடத் தொடங்கின அந்த வருஷத்தில், சாரத்திலிருந்து விழுந்தேன். குடித்திருந்ததால் விழவில்லை. குடிக்காமல் இருந்ததால் கை நடுங்கி விழுந்தேன். அரசாங்க ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். கால் முறிவுக்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார்கள். மூன்றாம் நாள் ராத்திரி கட்டிலுக்கடியில் அட்டை அட்டையாக ஊர்வது தெரிந்தது. வார்டு முழுக்க அட்டை. கத்தினேன். கட்டிப் போட்டு ஊசி போட்டார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இங்கே வந்திருக்கிற குடும்பத்தாருக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். வருஷக்கணக்காக நாள்தோறும் குடித்தவன் வீட்டிலே திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் புத்தி தடுமாறி இல்லாததெல்லாம் தெரியலாம். உயிரே போகலாம். அது பேயும் இல்லை, செய்வினையும் இல்லை. காம்பராவில் பூட்டி வைத்து நிறுத்த வைக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், இவ்வளவு குடிக்கிறவர், இத்தனை நாளாக நிறுத்தியிருக்கிறார் என்று டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கு மருந்து இருக்கிறது, சத்துக்கு விற்றமின் ஊசி இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு இல்லை. வலிப்பு வந்தால் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வெட்கப்பட்டு ஆளை இழந்துவிடாதீர்கள்.

சரி, உடம்பிலிருந்து சாராயம் இறங்கிவிட்டது. கால் கட்டோடு அறைக்கு வந்தேன். அப்போதுதான் பயம் வந்தது.

எதற்குப் பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. விடியற்காலை இரண்டு மணிக்கு முழிப்பு வரும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். போன் அடித்தால் பயம், வீட்டில் யாருக்கோ என்னமோ என்று. போன் அடிக்காவிட்டாலும் பயம். சம்பளக் காசு கைக்கு வந்தால் பயம். கடன் கொடுத்தவன் ரோட்டில் வருவானோ என்று பயம். "என்னடா, சாமியாராயிட்டியா?" என்று கூடவேலை செய்கிறவன் சிரித்தால் பயம். முப்பத்தெட்டு வயசு ஆம்பிளை, மூட்டைச் சீமெந்தைத் தோளில் தூக்குகிறவன், கடைக்குள் போய் ஒரு பிளேன் டீ கேட்க வாய் வராமல் வெளியே நின்றிருக்கிறேன். இருபது வருஷமாக எந்தக் காரியத்தையும் குடித்துவிட்டே செய்தவனுக்கு, குடிக்காமல் ஒரு மனுஷனோடு பேசுவது எப்படி என்று தெரியவில்லை.

பயத்துக்குப் பின்னாலேயே கோபம் வந்தது. முன்னே குடித்துவிட்டுக் கத்துவேன், காலையில் மறந்துவிடுவேன். இப்போது எல்லாம் ஞாபகம் இருக்கிறது, கோபமும் இறங்கவில்லை. போனில் சம்சாரத்தைத் திட்டுவேன். நான் குடியை விட்டதற்கு வீட்டில் எல்லாரும் என் காலில் விழ வேண்டும் என்ற நினைப்பு எனக்கு. ஒரு நாள் அவள் சொன்னாள்: "நீங்க குடிச்சிக்கிட்டிருந்தப்பவே தேவலாம் போல இருக்குங்க. அப்ப படுத்தாச்சும் தூங்கினீங்க."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குடியை நிறுத்தின அப்பாவைப் பார்த்து அதிகமாகப் பயப்படுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஏனென்றால் பொய், கோபம், வீம்பு, தன்னைப் பார்த்துத் தானே பாவப்படுகிறது எல்லாம் போத்தலுக்குள் இல்லை. எனக்குள்தான் இருந்தன. சாராயம் மேலே மூடிக்கொண்டு இருந்தது. மூடியைத் திறந்ததும் நாற்றம் வந்தது, அவ்வளவுதான்.

அந்த நேரத்தில்தான் ஐயாவைக் கண்டேன். அவர் இப்போது இல்லை. அவரும் பெயர் சொல்லிக்கொள்ளாத ஆள்தான், அதனால் ஐயா என்றே சொல்கிறேன்.

கொக்குவில் என்றால் அந்தக் காலத்தில் சுருட்டு. நம் லயத்துப் பாட்டிமார் வெற்றிலையோடு யாழ்ப்பாணப் புகையிலை போடுவார்களே, அந்தப் புகையிலையைச் சுருட்டாகச் சுற்றித் தெற்கே அனுப்பின ஊர்களில் இதுவும் ஒன்று. கொட்டிலுக்குள் வரிசையாக உட்கார்ந்து சுற்றுவார்களாம். கை வேலை செய்யும், காது சும்மா இருக்கும். அதனால் ஒரு ஆள் நடுவில் உட்கார்ந்து பேப்பரையும் கதைப்புத்தகத்தையும் சத்தமாக வாசிப்பாராம். எழுத்துத் தெரியாதவனும் உலக நடப்பெல்லாம் பேசுவான். சங்கம் கட்டிக் கூலி கேட்டவர்கள் அவர்கள். ஐயா பத்து வயசில் அந்தக் கொட்டிலுக்குப் போனவர். வாலிபத்தில் பெரிய குடிகாரர். சண்டைக்காலத்தில் அகதியாகச் சென்னைக்குப் போய், அங்கேதான் ஏ.ஏ. என்கிற, பெயர் சொல்லாத குடிநோயாளர் கூட்டத்தில் சேர்ந்து விட்டவர். திரும்பி வந்து சின்னதாய் ஒரு பெட்டிக்கடை போட்டிருந்தார். நான் பிளேன் டீ கேட்க முடியாமல் நின்றது அவர் கடைக்கு முன்னாலதான்.

"தம்பி, எத்தினை நாளாச்சு விட்டு?" என்றார். நான் ஒன்றுமே சொல்லவில்லை, எப்படித் தெரியும் என்று கேட்டேன். "குடிக்கிறவன் இப்பிடிப் பயந்து நிக்க மாட்டான். வந்து இரு" என்றார்.

அவர் சொன்ன கதை ஒன்று. 1935 மே மாதம். அமெரிக்காவில் ஆக்ரன் என்கிற ஊர். பில் வில்சன் என்று ஒருவர், பங்குச் சந்தையில் வேலை செய்தவர், குடியால் எல்லாம் இழந்து, விட்டு ஐந்து மாசம்தான் ஆகியிருந்தது. ஒரு வியாபார விஷயமாக அந்த ஊருக்கு வந்தார், வந்த காரியம் தோற்றுப்போனது. கையில் காசும் இல்லை, தெரிந்த மனுஷரும் இல்லை. ஹோட்டலின் முன் மண்டபத்தில் நிற்கிறார். ஒரு பக்கம் பார், சிரிப்புச் சத்தம் கேட்கிறது. இன்னொரு பக்கம் டெலிபோன். பயந்துவிட்டார். பயந்தவர் டெலிபோன் பக்கம் போய், அந்த ஊர்ச் சேர்ச்சுகளுக்குப் போன் போட்டு, பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டார். உபதேசம் பண்ண அல்ல, தான் தப்புவதற்கு. அப்படிக் கிடைத்தவர் டொக்டர் பொப் ஸ்மித், சத்திர சிகிச்சை செய்கிறவர். கால் மணித்தியாலம்தான் இருப்பேன் என்று வந்தவர் மணிக்கணக்காக இருந்து பேசினார். அந்த ஜூன் 10ஆம் திகதியிலிருந்து அவரும் குடிக்கவில்லை. அப்படித் தொடங்கினதுதான் இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கிற அந்தக் கூட்டம். 1939இல் அவர்கள் போட்ட புத்தகத்தில் பன்னிரண்டு படி எழுதினார்கள். தன் குறைகளைப் பயப்படாமல் எழுதிப் பார், எழுதினதை ஒரு மனுஷனிடமாவது வாய்விட்டுச் சொல், கெடுதல் செய்த ஆட்களிடம் போய் முடிந்த மட்டும் ஈடு செய் என்று அதில் வருகிறது. கடவுள் பேச்சும் வருகிறது. ஐயா பழைய இடதுசாரி, சாமி கும்பிடாதவர். "எனக்கு மேல ஒண்டு இருக்கெண்டு ஒத்துக்கொண்டாக் காணும். எனக்கு அது கூட்டம்தான்" என்பார். எனக்கு மாரியம்மன். சண்டை வரவில்லை.

அவர் எனக்கு ஒரு கொப்பி வாங்கித் தந்தார். "உனக்கு எதெதுக்குப் பயம், ஆர் ஆரில கோபம் எண்டு எழுதிக்கொண்டு வா" என்றார்.

1940 ஜனவரி 10ஆம் திகதி முல்லோயாவில் கோவிந்தன் பொலிஸ் குண்டுக்கு முன்னால் நின்றார். அவர் ஆட்கள் நாம். மேதின மேடையில் மார் தட்டுகிறோம். எனக்கு ஒரு கொப்பிக்கு முன்னால் பேனாவைப் பிடிக்கக் கை நடுங்கியது.

ஒரு மாசம் எழுதினேன். எட்டாம் வகுப்புப் படிப்பு, எழுத்துப் பிழையெல்லாம் இருக்கும். கொப்பி பாதி நிறைந்தது. பெருமையாகக் கொண்டுபோய் வாசித்தேன். துரை என்ன செய்தான், கணக்கப்பிள்ளை எப்படி அரைப் பேர் போட்டான், கொழுந்து நிறுவையில் எத்தனை கிலோ வெட்டினார்கள், பத்தடிக் காம்பராவில் எப்படி ஏழு பேர் படுத்தோம், தோட்டத்து வாசலில் தவறணை வைத்தவன் எவன், கொடுத்த கூலியைச் சம்பளத்தன்று சாயங்காலமே அதே வழியில் எப்படித் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், எல்லாம் எழுதியிருந்தேன்.

ஐயா ஒரு சுருட்டு முழுக்கக் குடித்து முடிக்கிற வரைக்கும் கேட்டார். பிறகு சொன்னார்: "நீ எழுதினது எல்லாம் உண்மை. ஒரு எழுத்தும் பொய்யில்லை. இதைக் கொண்டுபோய் உங்கட சங்கத்தில குடு. அவை இதுக்குப் போராட வேணும். இப்ப இன்னொரு கொப்பி வாங்கு. அதில உன்ர கணக்கை எழுது."

எனக்குக் கோபம் வந்தது. நான் சங்கத்து ஆள். அடக்குமுறையைப் பற்றி எனக்கே சொல்லித் தருகிறீங்களா என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன். நாலு நாள் அந்தப் பக்கம் போகவில்லை.

ஐந்தாம் நாள் ஒரு விஷயம் தட்டுப்பட்டது. என் சம்சாரத்துக்கும் அதே துரைதான். அதே கணக்கப்பிள்ளை, அதே நிறுவை, அதே காம்பரா. மழையில் அவளும்தான் நனைந்தாள். அட்டை அவளையும்தான் கடித்தது. நான் நாலு மணிக்கு வந்து உட்காருவேன், அவள் அதற்குப் பிறகுதான் விறகு பொறுக்கி, பீலியில் தண்ணி பிடித்து, சோறு ஆக்குவாள். அவள் குடிக்கவில்லையே? துரை கெட்டவன்தான். ஆனால் மகளின் தோட்டைத் துரை எடுக்கவில்லை.

தோழர்களே, நான் சங்கத்துப் பேச்சுக்கு எதிராக எதுவும் சொல்லவில்லை. ஆயிரம் ரூபா கேட்டு எத்தனை வருஷம் ரோட்டில் நின்று 2021இல் வாங்கினோம்? அந்தச் சண்டையை விடச் சொல்லவில்லை. முதல் கொப்பி முழுக்க உண்மை. நான் செய்த பிழை, அந்த உண்மைக்குப் பின்னால் என் கணக்கை ஒளித்து வைத்ததுதான். இரண்டையும் ஒரே கொப்பியில் எழுதினால் இரண்டுமே தீராது. துரையிடம் கேட்க வேண்டியதைச் சம்சாரத்திடம் கேட்டுக்கொண்டிருப்போம், நம்மிடம் கேட்க வேண்டியதைத் துரையிடம் கேட்டுக்கொண்டிருப்போம். குடிகாரனாக இருந்தபோது சங்கத்துக்கும் நான் பிரயோசனப்படவில்லை. நிறுவையில் வெட்டினதைத் தட்டிக் கேட்கிற நாளில் என் வாயில் நாற்றம் அடிக்கும். "போடா குடிகாரா" என்றால் முடிந்தது வழக்கு.

இரண்டாம் கொப்பி மெல்லிசு. ஆனால் எழுத மூன்று மாசம் பிடித்தது. ஐயா ஒரு வழி சொன்னார். பயத்தை எழுது, அதற்குப் பக்கத்தில் அந்தப் பயத்தினால் நீ என்ன செய்தாய் என்று எழுது. கடன்காரனுக்குப் பயம்: அதனால் பொய் சொன்னேன். சம்சாரம் என்னை விட்டுப் போய்விடுவாளோ என்று பயம்: அதனால் அவளை அடித்தேன். இதை எழுதிவிட்டு நானே திரும்பத் திரும்பப் பார்த்தேன். விட்டுப் போய்விடக் கூடாது என்று அடித்தவன் நான். நாலு பேர் என்னைச் சின்னதாய் நினைப்பார்களோ என்று பயம்: அதனால் சம்பளத்தன்று எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு மலை மாதிரி நின்ற பயம், பகலில் கொப்பியில் எழுதினால் ஒரு வரிதான் வந்தது.

கடைசிப் பக்கத்தில் அந்தப் பையன். அதை எழுதாமல் கொப்பி முடிந்துவிட்டது என்று ஐயாவிடம் சொன்னேன். "முடிஞ்சிருந்தா உன்ர முகம் இப்பிடி இராது" என்றார். மறுபடி கொண்டுபோய் எழுதினேன். எட்டு வரி. வாசிக்கும்போது குரல் வரவில்லை, கொப்பியை அவர் கையில் கொடுத்துவிட்டேன். அவர் வாசித்தார், கொட்டிலில் பேப்பர் வாசிக்கிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல். மூடி வைத்துவிட்டு, தான் செய்த ஒன்றைச் சொன்னார். அது என்னோடு இருக்கட்டும். என்னுடையதை விடப் பெரியது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அன்றைக்கு ராத்திரி விடிய விடியத் தூங்கினேன்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஏழாம் மாசம் எங்கப்பா இறந்து தோட்டத்துக்குப் போனேன். சாவு வீட்டில் ஒருவன் கிளாஸை நீட்டினான். வாங்கிவிட்டேன். நாலு நாள் குடித்தேன். அழுதுகொண்டு ஐயாவுக்குப் போன் பண்ணினேன். "விழுந்த இடத்திலயே படுக்காத. பஸ்ஸைப் பிடிச்சு வா" என்றார். விழுந்ததையும் கொப்பியில் எழுத வைத்தார். அன்றைக்குக் காலையிலிருந்து சாப்பிடவில்லை, தம்பியோடு சண்டை, மூன்று ராத்திரித் தூக்கம் இல்லை, மனசு விட்டுப் பேச ஒரு ஆள் இல்லை. பசி, கோபம், களைப்பு, தனிமை, நாலும் சேர்ந்த இடத்துக்கு நான் கிளாஸ் இல்லாமலே போய் நின்றிருக்கிறேன். இப்போது சாவு வீட்டுக்குப் போவதென்றால் முதலில் சோறு தின்கிறேன், கூட ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போகிறேன், சீக்கிரம் வந்துவிடுகிறேன். கோழை என்று சொல்கிறவன் சொல்லட்டும். சம்பளம் வந்த அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் சாப்பிடுகிறேன். கோபம் இன்னும் வருகிறது. போனை வைத்துவிட்டுக் கொஞ்சம் நடந்துவிட்டு மறுபடி எடுக்கிறேன்.

அக்கா தங்கச்சிமாருக்கு இரண்டு வார்த்தை. சாந்தி ரங்கநாதன் என்று ஒரு அம்மா சென்னையில். 1979இல் புருஷனைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். பணக்காரக் குடும்பம்தான், அங்கேயும் இதே வியாதி. அடுத்த வருஷமே குடிநோயாளருக்கு ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினார், டி.டி.கே. ஆஸ்பத்திரி என்று சொல்வார்கள். அங்கே ஆளுக்கு மட்டும் வைத்தியம் இல்லை. பெண்சாதிக்கும் தாய் தகப்பனுக்கும் தனியாக வகுப்பு. ஏனென்றால் பயம் அவனுக்கு மட்டும் இல்லை, வீட்டில் இருக்கிறவர்களுக்கும் ஊறிப்போயிருக்கும். அவர்கள் மஞ்சக்குடி என்கிற கிராமத்துக்குப் போய், ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு அங்கேயே முகாம் போட்டு வைத்தியம் பார்த்தார்கள். நம் தோட்டத்தில் கோயில் மண்டபம் இருக்கிறது, கிளப் இருக்கிறது. மாதர் சங்கமும் தலைவர்மாரும் மனசு வைத்தால் ஒரு டொக்டரைக் கூப்பிட்டு அப்படியொன்று நடத்த முடியாதா என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. புருஷனுக்குத் தெரியாமல் சோற்றிலும் டீயிலும் மாத்திரை கலந்து கொடுக்கிற பழக்கம் சில இடத்தில் இருக்கிறது. அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, பிரஷர் இறங்கி ஆள் செத்தும் போகலாம். டொக்டர் சொல்லி, அவன் சம்மதித்து, அவனே விழுங்க வேண்டிய மாத்திரை அது. அவன் கடனை நீங்கள் கட்டாதீர்கள். அவனுக்குக் காய்ச்சல் என்று கணக்கப்பிள்ளையிடம் பொய் சொல்லாதீர்கள். அடித்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள். நான் அடித்தவன் சொல்கிறேன். யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தால் 1926க்குப் போன் பண்ணலாம், மனநல ஆஸ்பத்திரிக்காரர்கள் எடுப்பார்கள்.

இனி அந்தப் பையன் விஷயம். சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

2016இல் கொழும்புக்குப் போனேன். புறக்கோட்டையில் இரும்புச் சாமான் கடை. ஆள் வளர்ந்து, மீசை வைத்து, ஆணி நிறுத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் "வாங்க மாமா" என்றான். அது என்னைக் குத்தியது. நின்றபடியே சொல்லிவிட்டேன். தோட்டை எடுத்தது நான், அடகு வைத்தது நான், உன் பேரைச் சொன்னது நான். அவன் நிறுத்துக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பாகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டான். அவன் அப்பா இறந்து அப்போது இரண்டு வருஷம். "அவரு சாகிற வரைக்கும் நான் எடுத்தேன்னுதான் நெனச்சிக்கிட்டிருந்தாரு" என்றான்.

காசு கொண்டுபோயிருந்தேன். அவன் தொடவில்லை. "எங்கிட்ட வந்து சொல்லி என்ன மாமா? எனக்குத்தான் நான் எடுக்கலன்னு தெரியுமே. தோட்டத்துல சொல்லுங்க" என்றான். உள்ளே போய்விட்டான். ஒரு பையன் எனக்கு டீ கொண்டுவந்து வைத்தான். அவன் திரும்ப வெளியே வரவில்லை.

தோட்டத்தில் சொல்வதற்கு ஒரு வருஷம் பிடித்தது. கொப்பி எழுதின பயம், ஐயாவிடம் வாசித்த பயம் எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றும் இல்லை. மகளுக்குப் பதினாறு வயசு, அவளுக்கு முதலில் சொன்னேன். "தெரியும்பா" என்றாள். எப்படி என்று நான் கேட்கவில்லை. சம்சாரம் ஒன்றும் பேசாமல் சேலையை மாற்றிக்கொண்டு கூட வந்தாள். திருவிழாக் கணக்குப் பார்க்கக் கோயிலில் ஆட்கள் கூடியிருந்தார்கள். தலைவரிடம் கேட்டு ஐந்து நிமிஷம் வாங்கி, அந்தப் பையனை அடித்த அதே இடத்தில் நின்று சொன்னேன். சில பேர் திட்டினார்கள். ஒரு பெரியவர் துப்பினார். அவன் அம்மா எழுந்து போய்விட்டார்.

அந்த அம்மா இன்னும் என்னோடு பேசுவதில்லை. அவன் சித்திரைக்கு வந்தால் பேசுகிறான், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினான். நான் தோட்டத்துக்குப் போனால் பீலிக்கு அவர்கள் லயத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். முன்னே சுற்று வழியாகத் தேயிலைக்குள்ளே இறங்கிப் போவேன். இப்போது நேர் வழியாகப் போகிறேன். அந்த அம்மா இஸ்தோப்பில் இருந்தால் வாளியைக் கீழே வைத்து, "நல்லா இருக்கீங்களா அக்கா" என்று கேட்கிறேன். பதில் வருவதில்லை.

டீ வந்துவிட்டது என்று கை காட்டுகிறார்கள். யாராவது தனியாகப் பேச வேண்டுமென்றால் சாயங்காலம் வரைக்கும் அந்த வேப்ப மரத்தடியில்தான் இருப்பேன். கூட்டத்துக்கு முன்னால் கையைத் தூக்க வேண்டாம். சும்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.